துரு நிறத்துக்கு ஒரு ரெசிபி

ரஸ்ட் என்று ஒரு ஷேடு.
மஞ்சளும் சிவப்பும் கூடி
நீலத்திடம் ஒரு சொட்டுக் கடன் வாங்கினால் வரும்.
பயர் அதை ஐந்து முறை திருப்பி அனுப்பினான்.
ஆறாம் முறை
முதலில் அனுப்பிய துண்டையே அனுப்பினோம்.
பாஸ்.

அந்த மகிழ்ச்சியில் அவன் தந்துபோன ஸ்காட்ச்,
மாலை போட்டிருந்த நவநீதன் கைமாறி
என் பீரோவில்
வேட்டிகளுக்குப் பின்னால் வந்து நின்றது.

நல்ல சரக்கைத் தனியாகத்தான் குடிக்கவேண்டும் என்பார்கள்.
பதினேழு வருசமாகச் சாயப்பட்டறை லேபில்
ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தே பிழைத்தவன் நான்.
தனியாக நிற்பது எதையும்
சும்மா விட்டுப் பழக்கமில்லை.

ரஸ்டி நெயில். துருப்பிடித்த ஆணி.
ஸ்காட்ச் மூன்று பங்கு,
தேனும் மூலிகையும் ஊறிய இன்னொரு மது ஒரு பங்கு,
ஐஸ், அவ்வளவுதான்.
அந்த இன்னொன்று
பல்லடம் ரோட்டில் எந்தக் கடையிலும் இல்லை.
"இருமல் மருந்துங்களாண்ணா?" என்றான் கம்பிக்குப் பின்னால் இருந்த பையன்.
பாதி சரி.

பர்கூர் மலைத்தேன், சோம்பு, கிராம்பு,
வெள்ளை படாமல் சீவிய நார்த்தங்காய்த் தோல்,
மூழ்குமளவு ஸ்காட்ச்.
ஊறுகாய் பாட்டிலில் நாலு நாள்.
முதல் ட்ரயல், பஞ்சாமிர்தம்.
இரண்டாவது, பல்வலி.
மூன்றாவதில் கிராம்பை எடுத்துவிட்டேன்,
தேனைப் பாதியாக்கினேன்.
நிறம் வந்துவிட்டது,
டியூப்லைட்டிலும் சன்னல் வெளிச்சத்திலும் ஒரே துரு.
நாக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சுகுணா விரல்நுனியால் தொட்டு வைத்துப் பார்த்தாள்.
"இனிப்பு ஒரு பக்கம் நிக்குது, பொகை ஒரு பக்கம் நிக்குது.
சண்டை போட்ட சம்பந்திகளாட்டம்."

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்தபின்
ஃப்ரீசரில் ஒரே ஒரு ட்ரே உருப்படியாக இருந்தது.
நாலு கட்டி போட்டேன்.
ஒரு வாய்.
நின்றேன்.
இன்னொரு வாய்.

தேன் புகைக்குள் இறங்கியிருந்தது.

"இந்த ஐஸ் எந்தத் தண்ணி?"
"அய்யோ, அது உப்புத் தண்ணிங்க.
ஆத்துத் தண்ணி வந்து எட்டு நாளாச்சு.
அவசரத்துல போர் பைப்புல புடிச்சு வெச்சுட்டேன்."

மீட்டரை நனைத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
சிரித்துவிட்டேன்.
உப்புப் போடாத சாயம்
தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும், துணிக்குள் போகாது.
புதுசாய்ச் சேரும் பையன்களுக்கெல்லாம்
முதல் நாள் சொல்லும் பாடம்.
வீட்டில் நாலு வாரமாய் ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கியபோதுதான்
நொய்யல் ஞாபகம் வந்தது.
இருநூறு தப்படியில் ஆறு.
சுத்திகரிப்பு நிலையம் வராத காலத்தில்
இந்த மண் எதையெல்லாம் குடித்ததோ.
சீசனுக்கு ஒரு நிறம்,
நேவி, மெரூன், பாட்டில் பச்சை.
அதில் என் கைப்பட எழுதிய ரெசிபியும்
எங்கோ எழுநூறு அடியில் கிடக்கும்.

சிங்க்கில் ஊற்றினேன்.
அதுவும் அங்கேதான் போகும்.

கேன் தண்ணீரில் புதிதாய் ஐஸ் வைத்தேன்.
நூறு மில்லிக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து
பிப்பெட்டில் நாலு மில்லி, கணக்காக.
கிட்டத்தட்ட வந்துவிட்டது.
ஆனால் ஒரு பாயிண்ட் லைட்.
ஏதோ ஒன்று அந்த ஐஸில் இருந்தது,
இதில் இல்லை.
அது என்ன என்று தெரிந்துகொள்ள
எனக்கு விருப்பமும் இல்லை.

"போதுங்க, பாஸ் பண்ணுங்க" என்றாள் சுகுணா,
முதல்முறையாகத் தன் டம்ளரை நீட்டி.
ஊற்றினேன். ஐஸ் ட்ரேயைத் திருகினேன்.

"எனக்கு ஐஸ் வேண்டாம்."